வளரும் குழந்தையும் வளராத நாற்காலியும்: இந்தியாவில் உதவிக் கருவிகளின் வரலாறு குறித்து

தானாக உட்காரவும் நிற்கவும் இயலாத ஒரு குழந்தையை அதன் தாய் எத்தனை வயதுவரை தூக்க முடியும்? இரண்டு வயதில் இடுப்பிலும் ஐந்து வயதில் தோளிலும் சாய்த்துக்கொள்ளப்படும் குழந்தை, பத்து வயதை நெருங்கும்போது தாயின் முதுகு தாங்கும் எடையைக் கடந்துவிடுகிறது. பாயிலிருந்து குளியலறைக்கு, குளியலறையிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு என்று நாள்தோறும் நிகழ்ந்த தூக்குதல் ஒவ்வொன்றாகக் குறைகிறது. முதலில் பேருந்துப் பயணம் நிற்கும், பிறகு வாசல், கடைசியில் அக்குழந்தையின் உலகம் ஒரு பாயின் அளவுக்குச் சுருங்கும். இச்சுருக்கத்தை உடல்நிலையின் இயல்பான விளைவென்றே குடும்பமும் ஊரும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் அதற்கு ஒரு வரலாறு உண்டு. எத்தகைய உடலை மனத்திற்கொண்டு கருவிகள் செய்யப்பட்டன, எந்த வயதினருக்கு அவை வழங்கப்பட்டன, எந்த இடத்தில் அவை பயன்படும் என்று எண்ணப்பட்டது ஆகிய முடிவுகளின் வரலாறு அது.

அந்த வரலாற்றைக் கணக்கெடுப்பிலிருந்து தொடங்கலாம். 1872 முதல் 1931 வரையிலான காலனியக் கணக்கெடுப்புகள் நான்கு வகைக் குறைபாடுகளை மட்டுமே பதிவு செய்தன: மனநோய், காது கேளாமையும் வாய் பேசாமையும், பார்வையின்மை, தொழுநோய். நடக்க இயலாதோர் இந்நான்கிலும் இடம்பெறவில்லை. 1941இல் இக்கேள்விகளே கைவிடப்பட்டன. நாற்பது ஆண்டுகள் கழித்து, சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டான 1981இல் அவை திரும்பி வந்து, 1991இல் மீண்டும் மறைந்து, 2001இல் நிலைபெற்றன. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உடையோர் தனிப் பிரிவாக எண்ணப்பட்டது 2011 கணக்கெடுப்பில்தான். அப்போது பதிவான மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேரில் ஏறத்தாழ 21 லட்சம் பேர் அப்பிரிவில் இருந்தனர். எண்ணிக்கையே இவ்வளவு காலந்தாழ்ந்து கிடைத்த ஒரு பிரிவினருக்கான கருவிகள் அதற்கு முன்பே திட்டமிடப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. அப்படியானால் அதுவரை திட்டமிடப்பட்டவை யாருக்காக என்ற கேள்வி எழுகிறது.

முதல் விடை, உறுப்பிழந்த வளர்ந்த ஆண். புனேவில் செயற்கை உறுப்பு மையம் 1944இல், இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற படைவீரர்களுக்காகத் தொடங்கப்பட்டது. இரண்டாம் விடை, போலியோவால் கால்கள் வலுவிழந்த குழந்தை. தம் மகள் போலியோவால் பாதிக்கப்பட்டதைத் தொடர்ந்து பாத்திமா இஸ்மாயில் 1947இல் பம்பாயில் தொடங்கிய சிகிச்சை மையம், இந்தியாவில் குழந்தைகளுக்கான மறுவாழ்வுப் பணியின் முன்னோடிகளுள் ஒன்று. ஒரு தாயின் முயற்சி நிறுவனமாக வளரும் கதை இத்துறையில் மீண்டும் மீண்டும் நிகழ்வது. போலியோ மருத்துவத்தின் இலக்கு தெளிவானது: காலிப்பரும் ஊன்றுகோலும் கொண்டு குழந்தையை எழுந்து நடக்க வைத்தல். போலியோவால் கால் பாதிக்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு உடற்பகுதியும் கழுத்தும் கைகளும் வலுவாகவே இருந்தமையால் அவ்விலக்கு பொருந்தியும் வந்தது. வேலூரில் மேரி வர்கீஸ் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையம், தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்குச் சக்கர நாற்காலியோடு வாழக் கற்பித்தது. விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, தாமே சக்கர நாற்காலியில் இயங்கிய மருத்துவர் அவர்.

மூன்றாம் நிகழ்வு ஜெய்ப்பூர். 1968இல் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய செயற்கைக் கால், இந்திய வாழ்முறையை அளவுகோலாகக் கொண்டது. குத்துக்காலிட்டு அமர வேண்டும், சம்மணமிட வேண்டும், வெறுங்காலோடு வயலில் இறங்க வேண்டும் என்ற தேவைகளிலிருந்து அது வடிவம் பெற்றது. அதன் வெற்றி உலகறிந்தது. தரையில் நடக்கும் வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்துக் கருவி செய்தால் மக்கள் அதனை ஏற்பார்கள் என்பதற்கு ஜெய்ப்பூர் கால் சான்று. ஆனால் அக்கூர்மை, தரையிலேயே நாள் முழுவதும் கிடக்கும் குழந்தையின் பக்கம் அதே வேகத்தில் திரும்பவில்லை.

இவ்வரலாற்றில் 1972ஆம் ஆண்டு கவனத்துக்குரியது. அவ்வாண்டில் இரு தொடக்கங்கள் நிகழ்ந்தன. கான்பூரில் இந்தியச் செயற்கை உறுப்புகள் உற்பத்திக் கழகம் என்ற அரசு நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. அலிம்கோ என்று சுருக்கமாக அறியப்படும் அது 1976இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதே 1972இல் பம்பாயில் மிது அலூர், மூளை முடக்குவாதம் உடைய தம் மகள் மாலினி சிப்புக்குப் பொருத்தமான பள்ளி கிடைக்காத நிலையில், இந்திய ஸ்பாஸ்டிக்ஸ் சங்கத்தைத் தொடங்கினார். கல்கத்தாவில் 1974இலும் டெல்லியில் 1978இலும் இதே வழியில் அமைப்புகள் எழுந்தன. சென்னையில் பூனம் நடராஜன் 1985இல் தொடங்கிய அமைப்பு இன்று வித்யாசாகர் என்று அறியப்படுகிறது.

இரு தொடக்கங்களின் அணுகுமுறையும் வேறு வேறு. கான்பூர் பொருளை உற்பத்தி செய்தது. ஒரே அளவுகளில், பெரும் எண்ணிக்கையில், குறைந்த விலையில், நாட்டின் எம்மூலைக்கும் அனுப்பத்தக்க ஊன்றுகோல், கையால் இயக்கும் மூன்று சக்கர வண்டி, மடக்குச் சக்கர நாற்காலி ஆகியவை அதன் அடையாளங்களாயின. பம்பாய், கல்கத்தா, சென்னை மையங்கள் ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே பார்த்தன. முதுகு சாயாமல் தாங்கும் மூலை நாற்காலி, பட்டைகளால் கட்டி நிற்க வைக்கும் மரச்சட்டம், நெஞ்சளவுக்கு வெட்டுவிட்ட மேசை ஆகியவற்றை அளவெடுத்துத் தச்சரிடம் செய்வித்தன. அதைவிட முக்கியமாக, குழந்தையை எப்படி உட்கார வைப்பது, எப்படிப் பிடித்து உணவூட்டுவது என்பதைத் தாய்க்குக் கற்பித்தன. முன்னது நாடெங்கும் சென்றது. பின்னது பெருநகரங்களில் தங்கியது. கருவியை ஒரு பொருளாகக் காணும் மரபும் தொடர்ச்சியான சேவையாகக் காணும் மரபும் ஒரே ஆண்டில் பிறந்தும், அரசுக் கொள்கையில் இணைந்து நடக்கவில்லை.

அரசுக் கொள்கை முதல் மரபையே தழுவியது. உதவிக் கருவிகள் வாங்கவும் பொருத்தவும் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் மத்திய அரசுத் திட்டம் 1981இல் நடைமுறைக்கு வந்தது. அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமான அடிப் என்பதே இன்றும் வழக்கில் உள்ளது. முகாமில் பரிசோதனை, பிறிதொரு நாளில் விநியோகம் என்பது அதன் நடைமுறை. மருத்துவமனையே எட்டாத வட்டாரங்களுக்கும் கருவிகளைக் கொண்டுசேர்த்த நடைமுறை இது. கால் மட்டும் பாதிக்கப்பட்ட ஒருவர் மூன்று சக்கர வண்டியைப் பெற்ற அன்றே அதனைத் தாமே ஓட்டிச் சென்றுவிடலாம். ஆகவே விநியோக மேடையின் புகைப்படத்தோடு பணி முடிந்ததாகக் கருதுவதில் பெரிய பிழை தோன்றவில்லை. கழுத்து நிலைகொள்ளாத குழந்தைக்கோ அந்தப் புகைப்படத்துக்குப் பிறகுதான் பணியே தொடங்குகிறது.

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் இந்த மங்கலைச் சட்டமொழியிலும் பதித்தது. அச்சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. மூளை முடக்குவாதம் தனி வகையாக வரவில்லை. இயக்கக் குறைபாட்டின் இலக்கணத்துக்குள் அதன் எந்த வடிவமும் அடங்கும் என்று சேர்க்கப்பட்டது. விபத்தில் ஒரு காலை இழந்தவரும், கைகால், உடற்பகுதி, விழுங்குதல், பேச்சு அனைத்தும் பாதிக்கப்பட்ட குழந்தையும் நிர்வாகத்தின் ஒரே கட்டத்துக்குள் வந்தனர். ஒரே கட்டத்தில் வந்தவர்களுக்கு ஒரே பட்டியலிலிருந்து கருவி வழங்குவது எளிதாயிற்று. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் மூளை முடக்குவாதத்தையும் பல்வகைக் குறைபாட்டையும் பெயர் சொல்லி ஏற்றது. 2005இல் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் அமைந்தது. எனினும் மூளை முடக்குவாதம் பொதுச் சட்டத்தின் அட்டவணையில் தனிப் பெயர் பெற, 21 வகைகளைப் பட்டியலிட்ட 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது.

இப்பிரிவினை ஏன் பெயரளவான சிக்கல் மட்டுமன்று என்பதை மருத்துவம் விளக்குகிறது. மூளை முடக்குவாதம் உடைய குழந்தைகளின் இயக்கத்திறனை ஐந்து நிலைகளாக வகுக்கும் முறை 1997இல் வெளியானது. ஐந்தாம் நிலையில் உள்ள குழந்தை தலையையும் உடற்பகுதியையும் தானாக நிலைநிறுத்த இயலாதது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு, இக்குழந்தைகளின் இடுப்பு மூட்டு இடம்பெயர்தலைக் கணக்கிட்டது. எல்லா நிலைகளையும் சேர்த்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அது நேர்ந்திருந்தது. முதல் நிலையில் ஒருவருக்கும் இல்லை. ஐந்தாம் நிலையில் 90 விழுக்காட்டினருக்கு இருந்தது. மூட்டு இடம்பெயர்ந்தால் வலி வரும், வலி வந்தால் உட்காருவது குறையும், முதுகெலும்பு வளையும், நெஞ்சுக்கூடு குறுகி மூச்சும் உணவும் சிரமமாகும். அன்றாடம் உடலைச் சீராகத் தாங்கிவைப்பது இச்சங்கிலிக்கு எதிரான பராமரிப்பின் ஒரு பகுதி. இத்தகைய குழந்தைக்கு நாற்காலி என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் செல்லும் வாகனம் மட்டுமன்று. இருந்த இடத்திலேயே மூச்சுவிடவும் விழுங்கவும் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கவும் அதுவே துணை. பொருந்தாத நாற்காலியில் தொய்ந்து அமர்த்தப்படும் குழந்தையோ, நாற்காலி பெற்ற பிறகும் தீங்கையே அடைகிறது. குடும்பம் சில நாள்களில் அந்நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாய்த்துவிடுவதற்கு நன்றியின்மையோ அறியாமையோ காரணமாவதில்லை.

குழந்தையின் இன்னொரு தனித்தன்மை வளர்ச்சி. அடிப் திட்டத்தின் விதிகளில் இதற்கான ஒப்புதல் இருப்பதை நேர்மையோடு குறிப்பிட வேண்டும். ஒரே வகைக் கருவியை மீண்டும் பெற மூன்றாண்டு இடைவெளி தேவை என்ற பொதுவிதி, 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஓராண்டாகத் தளர்த்தப்பட்டுள்ளது. குழந்தை வளரும் என்பதை எவரோ ஓர் அதிகாரி எண்ணிப்பார்த்திருக்கிறார். அலிம்கோவின் உற்பத்திப் பட்டியலிலும் மூளை முடக்குவாதம் உடைய குழந்தைகளுக்கான தனி நாற்காலி உண்டு. ஆனால் ஓராண்டுக்கு ஒருமுறை மறுபடியும் முகாமுக்குக் குழந்தையைத் தூக்கிச் செல்வது யார், இடைப்பட்ட மாதங்களில் பட்டையையும் கால்தாங்கியையும் சரிசெய்வது யார் என்ற கேள்விகளுக்கு அவ்விதியில் விடையில்லை.

பணவரம்பும் இத்திசையிலேயே இயங்கியது. ஒரு கருவிக்கான உச்சவரம்பு முன்னர் 6,000 ரூபாயாக இருந்து, 2014 திருத்தத்தில் 10,000 ஆயிற்று. குடும்ப மாத வருமானம் 15,000 ரூபாய்வரை முழு உதவி, 20,000வரை பாதி உதவி என்பது அத்திருத்தத்தின் அளவு. சாய்வை மாற்றத்தக்க, தலையையும் பக்கவாட்டையும் தாங்கும் நாற்காலியின் விலை இவ்வரம்பைப் பல மடங்கு கடந்தது. அதே திருத்தம் கடுமையான குறைபாடு உடையோருக்கு மோட்டார் பொருத்திய வண்டிகளுக்கு 25,000 ரூபாய் மானியம் அளித்தது. வயது 16 நிறைந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சாலையில் செல்லும் வண்டிக்கு அவ்வயது வரம்பு பொருத்தமானதே. ஆனால் மின்விசையால் இயங்கும் சக்கர நாற்காலிக்கும் அதே வரம்பு நீண்டதில் ஒரு முன்முடிவு ஒளிந்திருந்தது. அமெரிக்காவில் சார்லின் பட்லர் 1980களிலேயே நடத்திய ஆய்வுகள், இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளும் அத்தகைய நாற்காலியை இயக்கக் கற்பதைக் காட்டியிருந்தன. தானாக நகர்வது குழந்தையின் ஆர்வத்தையும் பழக்கத்தையும் வளர்ப்பது என்ற பார்வை அவ்வாய்வுகளிலிருந்து வலுப்பெற்றது. இந்திய விதியில் தன்னியக்கம் வேலைக்குச் செல்லும் வயதினரின் தேவையாகவே எஞ்சியது.

அடுத்தது வீடு. கருவி முகாமில் வழங்கப்படுகிறது. வாழ்க்கை வீட்டில் நடக்கிறது. ஓரறை வீடு, உயர்ந்த நிலைப்படி, குறுகிய கதவு, தரையில் உண்பதும் உறங்குவதும் என்ற அமைப்பில் வயதுவந்தோருக்கான மடக்குச் சக்கர நாற்காலி திரும்பவும் இடமின்றி நிற்கிறது. அமெரிக்காவில் எவரெஸ்ட், ஜென்னிங்ஸ் என்ற இருவர் 1930களில் வடிவமைத்த மடக்கு நாற்காலியின் வழிவந்தது அது. காரில் ஏற்றவும் சமதளத்தில் உருட்டவும் பிறந்த வடிவம். தரையோடு இயைந்த இந்திய வீட்டில் ஒரு குழந்தைக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் வேறு: சிறு சக்கரங்கள் பொருத்திய தாழ்வான பலகை, தரையில் வைக்கும் மூலை நாற்காலி, குளிக்க வைக்கும் சாய்பலகை, கழிப்பறையில் தாங்கும் இருக்கை. டேவிட் வெர்னர் 1987இல் வெளியிட்ட கிராமப்புறக் குழந்தைகளுக்கான மறுவாழ்வுக் கையேடு, இத்தகைய பொருள்களை மரம், மூங்கில், பழைய டயர் கொண்டு செய்யும் முறைகளைப் படங்களோடு விளக்கியது. ஜிம்பாப்வேயில் பழைய தாளையும் அட்டையையும் பசையிட்டு ஒட்டி இருக்கைகள் செய்யும் முறை உருவாயிற்று. பெங்களூரில் 1994இல் தொடங்கப்பட்ட மொபிலிட்டி இந்தியா, கருவி செய்வோருக்கான பயிற்சியையும் சமூக அடிப்படையிலான மறுவாழ்வையும் இணைத்தது. அறிவும் கைத்திறனும் நாட்டில் இல்லாமற்போனதில்லை. அரசின் கொள்முதல் பட்டியலில் ஏறும் வழிதான் அவற்றுக்குத் திறக்கவில்லை. ஒவ்வொன்றும் வேறு அளவில் இருக்கும் பொருளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவது எப்படி என்று கொள்முதல் விதி அறியாது.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டி நெறிகள் வழங்கலை எட்டுப் படிகளாக வகுத்தன: பரிந்துரைத்து அனுப்புதல், மதிப்பீடு, தேர்வு, நிதியும் ஆணையும், தயாரிப்பு, பொருத்துதல், பயனருக்கும் குடும்பத்துக்கும் பயிற்சி, பின்தொடர்தலும் பழுதுநீக்கமும். அந்நூலின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான சபால் கஸ்னாபிஸ், மொபிலிட்டி இந்தியாவை நிறுவியவர். பெங்களூர் அனுபவம் ஜெனீவாவின் நெறியாயிற்று. கான்பூரின் விநியோக முறையை அது எளிதில் மாற்றிவிடவில்லை. முகாம் என்பது இயல்பிலேயே முதல் ஆறு படிகளைச் சுருக்கி, கடைசி இரண்டைக் குடும்பத்திடம் விட்டுவிடும் அமைப்பு. அண்மை ஆண்டுகளில் அலிம்கோ நிரந்தரச் சேவை மையங்களைத் திறந்துவருவது இக்குறையை ஓரளவு உணர்ந்ததன் அடையாளம் எனலாம்.

கல்விச் சட்டங்களின் வழியே இன்னொரு கதவு திறந்தது. கல்வி உரிமைச் சட்டத்துக்கான 2012 திருத்தம், பல்வகைக் குறைபாடும் கடுமையான குறைபாடும் உடைய குழந்தைகள் வீடுசார் கல்வியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை அளித்தது. அரசு முதன்முறையாக அக்குழந்தையின் வீட்டுக்குள் சட்டப்படி கால்வைத்தது என்று இதனைக் கொள்ளலாம். சிறப்பாசிரியர் வீட்டுக்கு வருகிறார். குழந்தை பாயில் படுத்திருக்கிறது. படுத்த நிலையில் கூரையை மட்டுமே பார்க்கும் குழந்தைக்கு எழுத்தையோ படத்தையோ காட்டுவதற்குமுன் அதனை உட்கார வைக்க வேண்டும். அதற்கான ஒதுக்கீடோ, அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் தொடக்கத்தில் குழந்தையொன்றுக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய், பின்னர் 3,000, ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் 3,500. போக்குவரத்து, துணையாள், கற்றல் பொருள், கருவி அனைத்தும் அத்தொகைக்குள் அடங்க வேண்டும். 2016 சட்டத்தின் 17ஆம் பிரிவு, 18 வயதுவரை மாணவர்களுக்குப் பொருத்தமான உதவிக் கருவிகளை இலவசமாக வழங்குமாறு கூறுகிறது. அதில் வரும் மாணவர் என்ற சொல் வலிமையும் வரம்பும் ஒருசேரக் கொண்டது. பள்ளிப் பதிவேட்டில் இடம்பெறாத குழந்தையும், பள்ளி வயதை எட்டாத மூன்று வயதுக் குழந்தையும் அச்சொல்லின் நிழலுக்கு வெளியே நிற்கின்றனர். மூட்டும் முதுகும் வடிவம்கொள்ளும் முதல் ஆறு ஆண்டுகள்தாம் கருவி மிகவும் பயன்படும் காலம் என்பதை எண்ணினால் இவ்விடைவெளியின் விலை விளங்கும்.

போலியோவும் இந்தியாவிலிருந்து விடைபெற்றது. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டதே இயற்கையான போலியோ வைரஸின் கடைசி நேர்வு. 2014 மார்ச்சில் அதற்கான சான்று கிடைத்தது. அரை நூற்றாண்டுக் கருவிக் கொள்கைக்கு வடிவம் தந்த நோய் மறைந்தபின், இயக்கக் குறைபாட்டோடு வளரும் குழந்தைகளின் முகம் மாறியிருக்கிறது. பிறப்பின்போது மூளை பாதிக்கப்பட்ட, பல வகைத் தேவைகள் கொண்ட குழந்தையே இன்று மையத்துக்கு வருகிறது. கொள்கையின் உருவகத்தில் இன்னும் மூன்று சக்கர வண்டியில் நிமிர்ந்து அமர்ந்து கையால் சுழற்றும் மனிதரே இருக்கிறார்.

இவ்வரலாற்றை எழுதுவதில் ஆய்வாளர்கள் எதிர்கொள்ளும் இடர் ஒன்றுண்டு. விநியோகிக்கப்பட்ட கருவிகளுக்குக் கோப்புகள் உள்ளன, எண்ணிக்கை உள்ளது, ஆண்டறிக்கை உள்ளது. தாயும் தகப்பனும் வீட்டில் செய்துகொண்டவற்றுக்கு அவை எவையும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியின் கால்களை அறுத்துத் துணிப்பட்டை கட்டிய இருக்கை, சுவர் மூலையில் தலையணைகளை அடுக்கிய சாய்மானம், கூரை உத்தரத்திலிருந்து தொங்கவிட்ட சேலைத் தூளி ஆகியவை குழந்தை வளர்ந்ததும் பிரிக்கப்பட்டு, வேறு பயனுக்குப் போய்விடும். நாட்டின் பெரும்பாலான கடுமையான குறைபாடுடைய குழந்தைகள் எவற்றால் தாங்கப்பட்டார்களோ, அவற்றின் ஆவணக் காப்பகம் தாய்மாரின் நினைவு மட்டுமே. வாய்மொழி வரலாற்று முறை இங்கே துணை ஆதாரமாக நில்லாமல் முதன்மை ஆதாரமாக வேண்டியிருக்கிறது. அந்நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்யும்போது, கருவி எத்தனை வழங்கப்பட்டது என்ற கணக்கோடு, அது எத்தனை மாதங்கள் பயன்பட்டது, எப்போது சிறிதாயிற்று, யார் சரிசெய்தார்கள் என்ற கணக்கும் வரலாற்றில் சேரும்.

1972இல் பிரிந்து தொடங்கிய இரு மரபுகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. கான்பூரின் எட்டும் பம்பாயின் பார்வையும் சேர்ந்தாலொழிய இரண்டும் முழுமை பெறா. தொழிற்சாலை சட்டகத்தைப் பெருமளவில் செய்யலாம். மாவட்ட மறுவாழ்வு மையத்தின் இயன்முறை மருத்துவரும் உள்ளூர்த் தச்சரும் அதனை ஒவ்வொரு குழந்தைக்கும் பொருத்தலாம். ஆண்டுதோறும் அவர்கள் வீட்டுக்கே சென்று அளவு மாற்றலாம். இதற்கான சட்டச்சொற்களும் தொழில்நுட்பமும் நெறிகளும் தனித்தனியே கைவசம் உள்ளன. அவை இணையாதிருக்கும் ஒவ்வோர் ஆண்டிலும் குழந்தை ஒரு பிராயம் வளர்ந்துவிடுகிறது; தூக்கும் தாய்க்கும் ஒரு வயது கூடிவிடுகிறது.